கட்டுமாவடிப் பலகையில் என் பெயர்

கந்தர்வக்கோட்டையிலிருந்து கட்டுமாவடிக் கடல் வரை முதலில் நடந்து முடித்தவள் நான்தான். இன்றைக்குச் சுலபமாக எழுதிவிட்டேன். அன்றைக்கு இதற்காக எத்தனை வாய்ச்சண்டை!

எங்கள் ஊரில் காலையில் குளத்துக்கரையில் நடக்கிற கூட்டம் ஒன்று உண்டு. கண்மாய்க் கரை, வாய்க்கால் வரப்பு, முந்திரித் தோப்பு என்று கடல்வரை ஒரு நடைவழியை நாங்களே வகுத்தோம். வண்டியின் துணையில்லாமல் முதலில் முடிக்கிறவர் பெயரைக் கட்டுமாவடியில் பலகையாக எழுதி வைப்பதாகப் பேச்சு. அந்தப் பலகை எனக்கு வேண்டும். தையல் கடை போட்டு இத்தனை வருஷமாகியும் ஊருக்கு நான் துபாய்க்காரர் சம்சாரம்தான். ரவிக்கை தைக்கக் கொடுக்கிறவர்களுக்குக்கூட என் பெயர் தெரியாது. பற்றிக்கொண்டு வரும் எனக்கு.

முதல் ஆளாகக் கிளம்பினேன். ஆலங்குடி தாண்டி ஓர் ஊரில் நாத்தனார் வீடு. அங்கே ஒரு ராத்திரி தங்கினேன். அன்றைக்கென்று பார்த்து மாரியம்மன் கோயில் திருவிழாவுக்குக் காப்புக் கட்டிவிட்டார்கள். முன்கூட்டியே ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம், எனக்குத் தோன்றவில்லை. காலையில் பையை எடுத்தபோது நாத்தனார் வாசலை மறித்தாள்.

"காப்புக் கட்டையில ஊருக்குள்ள இருந்துட்ட. இனி எங்கிட்டுப் போனாலும் பொழுதடைய இங்கதான் வந்து படுக்கணும்."

எனக்கு அழுகையே வந்துவிட்டது. ஆனால் மீற மனம் வரவில்லை. அந்த ஊரில் ஒரு பிள்ளைக்கு அம்மை போட்டால்கூட ஆயுசுக்கும் என்னைத்தான் சொல்வார்கள்.

ஆகவே பகலெல்லாம் நடந்தேன். பொழுது சாய்ந்ததும் நின்ற இடத்துக் கருவேல மரத்தில் கடையிலிருந்து கொண்டுபோன வெட்டுத்துணி ஒன்றைக் கட்டிவிட்டு, பஸ் பிடித்து நாத்தனார் வீட்டுக்குத் திரும்பினேன். மறுநாள் அதே மரத்தடிக்கு வந்து, துணியை அவிழ்த்த பிறகுதான் அடுத்த அடி. இப்படியே நடந்து ஒருநாள் கடலில் கால் நனைத்தேன். அலையைப் பார்த்து நானே கைதட்டிக்கொண்டேன்.

எனக்குப் பிறகு கிளம்பி, எனக்குப் பிறகு கடலுக்குப் போய்ச் சேர்ந்தவர் எங்கள் கூட்டத்து உரக்கடைக்காரர். ஆனால் முதல் ஆள் தான்தான் என்றார். அறந்தாங்கிப் பக்கம் ஒரு சாயங்காலம் என்னைப் பஸ்ஸில் பார்த்தாராம். எல்லோரும் அவர் பக்கம் சாய்ந்துவிட்டார்கள். பலகை எழுதுகிறவரிடம் அவர் பெயரைக் கொடுக்கவிருந்த அன்று டீக்கடையில் எல்லோரும் கூடினோம்.

"பஸ்ல ஏறுனாங்களா இல்லையா, அத மட்டும் சொல்லச் சொல்லுங்க" என்றார் உரக்கடைக்காரர்.

"ஏறுனேங்க. எந்த எடத்துல ஏறுனேனோ அதே எடத்துல மறுநா எறங்கித்தான் நடந்தேன். காப்புக் கட்டுன ஊர்ல மாட்டிக்கிட்டேன். நடுவுல ஒரு அடிகூட விடல." அவர் பக்கம் திரும்பினேன். "அன்னிக்கு நீங்க அங்க படுத்திருந்தா என்னங்க செஞ்சிருப்பீங்க?"

எங்கள் ஊரில் காப்புக் கட்டினால் சொந்தத் தம்பி மகள் கல்யாணத்துக்குப் போனாலும் பந்தி முடிந்ததும் ஊர் திரும்பிவிடுகிற மனிதர் உரக்கடைக்காரர். கடைசி பஸ்ஸைப் பிடிக்க ஓடியதை நாங்களே பார்த்திருக்கிறோம். கையிலிருந்த கிளாஸை வைத்தார்.

"திரும்பித்தான் வந்திருப்பேன்" என்றார். பிறகு மற்றவர்களிடம், "அவங்க பேரையே எழுதச் சொல்லுங்க. ஆமா, ஒங்க பேரு என்னங்க?"

சொன்னேன். எத்தனை வருஷம் ஒரே குளத்துக்கரையில் நடந்திருக்கிறோம்!

வீட்டுக்காரர் பெயரையும் சேர்க்கவா என்று பலகை எழுதுகிறவர் கேட்டார். என் பெயர் மட்டும் போதும் என்றேன்.

பலகை நட்ட அன்று, கட்டுமாவடியில் மீன் வாங்க வந்த கூட்டத்துக்கும் கேட்கும்படி உரக்கடைக்காரர்தான் என் பெயரைச் சத்தமாகப் படித்தார். உடம்பெல்லாம் சிலிர்த்தது. திரும்பும்போது பஸ்ஸில் ஜன்னலோர சீட்டாகப் பார்த்து, கால்மேல் கால் போட்டு உட்கார்ந்தேன். இனி யார் பார்த்தால் எனக்கென்ன?