சூடத்துக்கு நிற்கும் பாட்டு

கங்காணி அந்தப் பக்கம் திரும்பினால் போதும், அம்சவல்லி தன் கூடையிலிருந்து இரண்டு கை கொழுந்தை அள்ளிப் பாஞ்சாலையின் கூடையில் போட்டுவிடுவாள். பாஞ்சாலைக்கு அப்போது நிறைமாசம். பறிக்கக் கை ஓடாது. நன்றி சொல்ல வாயெடுத்தால், "சும்மா கெட புள்ள. இந்தப் பாரத்தைத் தூக்கினா எனக்குத் தொண்டை கட்டுது" என்பாள்.

அவளுக்கு எல்லாமே தொண்டைதான். மலைமேல் ரிங்லெட் ஊருக்குப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தின் பனியில் கழுத்தில் துண்டைச் சுற்றிக்கொண்டு, மிளகு தட்டிப்போட்ட வெந்நீரைக் குடித்துக்கொண்டு, தேயிலைச் செடிகளுக்கு வசனம் பேசுவாள்.

"அம்சு, செடியெல்லாம் கைதட்டுதுலா! கூடைதான் நெறைய மாட்டேங்குது" என்பார் கங்காணி ஆண்டியப்பன்.

"இந்தத் தோட்டத்துல செடிக்காவது ரசனை இருக்கே, கங்காணி!"

திருவிழா நாடகத்தில் வருடா வருடம் அவள்தான் மாரியம்மன். வேப்பிலையோடு மேடையேறிப் பாட்டெடுத்தால், அது நாடகம் என்பதே சனங்களுக்கு மறந்துபோகும். எழுந்து நின்று சூடம் கொளுத்திக் கும்பிடுவார்கள். அவளும் பாட்டைப் பாதியில் நிறுத்தி, சூடம் அணைந்த பிறகுதான் விட்ட சுருதியிலேயே எடுப்பாள்.

எழுபத்தாறில் சிங்கப்பூர் நாடகக் குழு ஒன்று அதே வேடத்துக்கு அவளை அழைத்தது. முதல் நாடகம் எடுபட்டால் குழுவில் இடம். இல்லையென்றால் மறுபடியும் கூடைதான்.

அடுத்த திருவிழாவுக்கு வந்தபோது அவளே பாஞ்சாலையிடம் சொல்லிச் சிரித்தாள்:

"பழக்க தோசம், அங்கயும் சூடத்துக்குப் பாட்ட நிறுத்திட்டேன். ஒரு பய எந்திரிக்கல. நான் மறந்துட்டேன்னு நெனச்சு உள்ள திரைய இழுக்கப் போறானுங்க. விடுவேனா? 'ஏண்டா, ஆத்தா வந்து நிக்கிறேன், காலு மேல காலு போட்டுக்கிட்டா ஒக்காந்திருக்கே?'ன்னு ஒரே அதட்டு. மண்டபமே எந்திரிச்சிருச்சு!"

அந்த அதட்டலைக் குழுக்காரர்கள் நாடகத்திலேயே சேர்த்துக்கொண்டார்கள். பிறகு வானொலியிலும் பாடினாள். பினாங்கு வரைக்கும் சுவரொட்டிகளில் அவள் முகம்தான்.

எண்பத்திரண்டில், கடைசித் தடவையாக வந்து திரும்பியபோது, பாஞ்சாலை பக்கத்து ஊரான தானா ராத்தாவின் பஸ் நிலையம் வரை கூடப் போனாள். மனத்தில் உறுத்திக்கொண்டிருந்ததை அங்கே கேட்டேவிட்டாள்:

"இங்க நாங்க தானா எந்திரிச்சுக் கும்பிட்டோம். அங்க நீ அதட்டிக் கேட்டு வாங்க வேண்டியிருக்கு. ஒனக்குச் சங்கடமா இல்லியாக்கா?"

அம்சவல்லி ஒரு காலைப் பஸ் படியில் வைத்தபடி திரும்பினாள்.

"நீங்க ஆத்தாவுக்கு எந்திரிச்சீங்க, புள்ள. அவங்க எனக்கு எந்திரிக்கிறாங்க."