நிமிர்த்திக் கொடுத்த வண்டி

1. குட்டியானையில் வந்தது

அன்று காலை பத்து மணி இருக்கும். நான் மெக்கானிக்காக இருந்த ஷோரூம் வாசலில் ஒரு குட்டியானை லோடு வண்டி வந்து நின்றது. பின்னால் ஒரு மோட்டார் சைக்கிளைப் படுக்கப் போட்டிருந்தார்கள். இறக்கும்போதே பால் வாடை. இடது பக்கம் சைடு ஸ்டாண்டு இருக்க வேண்டிய இடம் காலியாக இருந்தது. டிரைவர் அதைத் தனியாக ஒரு சாக்கில் சுற்றிக் கொண்டுவந்திருந்தார்.

“பால்காரம்மா வண்டி அண்ணாச்சி. டீக்கடை வாசல்ல கேனை அவுக்கும்போது ஸ்டாண்டு பிச்சுக்கிட்டு வண்டி அவிய கால்மேலயே விழுந்துட்டு. பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு போயிருக்காவ” என்றார்.

சாக்கைப் பிரித்தேன். ஸ்டாண்டோடு பிராக்கெட்டும் பிய்ந்து வந்திருந்தது. பிராக்கெட் என்பது ஸ்டாண்டைத் தாங்குகிற இரும்புத் துண்டு. வண்டியின் சட்டமான சேஸிஸோடு சேர்த்து கம்பெனியிலேயே வெல்டு அடித்து வருவது. முறிந்த இடத்தில் முக்கால்வாசி துருப்பிடித்துக் கறுத்திருந்தது. கால்வாசி மட்டும் புதுசாக மின்னியது. விவரம் தெரிந்தவன் பார்த்தால் போதும், அந்த விரிசல் மாதக் கணக்கில் வளர்ந்திருக்கிறது என்று சொல்லிவிடுவான். எனக்குப் பார்க்கவே தேவையில்லை. முன்பே தெரியும்.

ஸ்டாண்டின் அடியில் ஒட்டியிருந்த தகடு மட்டும் அசையாமல் இருந்தது. அது நான் அடித்த வெல்டு.

2. முதல் கம்ப்ளெய்ண்ட்

அந்தப் பெண்ணின் பெயர் சண்முகத்தாய். கயத்தாறு பக்கம் ஒரு கிராமம். வீட்டுக்காரருக்குத் திருப்பூரில் வேலை. இவர் நாலு மாடு வைத்துக்கொண்டு, ஊரிலும் பால் வாங்கிச் சேர்த்து, தினமும் விடிந்ததும் இரண்டு கேனைக் கட்டிக்கொண்டு கோவில்பட்டி டீக்கடைகளுக்குக் கொண்டுவந்து ஊற்றுவார். ஸ்கூட்டி எல்லாம் இல்லை, கியர் வண்டி. எங்கள் ஷோரூமில்தான் புதிதாக எடுத்தார். எடுத்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை, வந்து நின்றார்.

“அண்ணாச்சி, சைடு ஸ்டாண்டு போட்டா வண்டி ரொம்பச் சாயுது. முன்ன இப்படி இல்ல. கேனை இறக்கும்போது விழுந்திருமோன்னு பயமா இருக்கு.”

எங்கள் சர்வீஸ் மேனேஜர் என்னைவிட இருபது வயது இளையவர். சாவியை வாங்காமலேயே பதில் சொன்னார்.

“ஏம்மா, கரிசல் மண்ணுல நிறுத்தினா ஸ்டாண்டு உள்ள இறங்கத்தான் செய்யும். வண்டி சாயத்தான் செய்யும். ஸ்டாண்டை முழுசா முன்னால தள்ளிப் போடணும். லேடீஸ் பாதி பேரு பாதியிலயே விட்டுருதாங்க.”

“நான் மண்ணுல எங்கன நிறுத்துதேன்? கடை வாசல்ல சிமெண்டுத் தரைலதான நிறுத்துதேன்” என்றார் அவர். மேனேஜர் அதற்குள் அடுத்த ஆளிடம் பேசப் போய்விட்டார்.

வண்டியை உள்ளே தள்ளிக்கொண்டு வந்தேன். ஸ்டாண்டு ரொம்பச் சாய்ந்தால் வழக்கமாகப் பார்ப்பது மூன்று இடம். போல்ட் தேய்ந்திருக்கும், இல்லையென்றால் ஸ்டாண்டு வளைந்திருக்கும், இல்லையென்றால் முன்னால் போய் முட்டி நிற்கிற இடம் தேய்ந்திருக்கும். மூன்றும் நன்றாக இருந்தன. சென்டர் ஸ்டாண்டு போட்டு, சைடு ஸ்டாண்டைக் கையால் பிடித்து ஆட்டினேன். ஆட்டம் போல்ட்டில் இல்லை, அதற்கு மேலே இருந்தது. மண்ணெண்ணெய்த் துணியால் அழுக்கைத் துடைத்தபோது தெரிந்தது. பிராக்கெட் சேஸிஸோடு சேரும் வெல்டில் தலைமுடி மாதிரி ஒரு கோடு.

மேனேஜரைக் கூப்பிட்டுக் காட்டினேன். குனிந்து பார்த்தார்.

“பெயிண்ட் விரிஞ்சிருக்கு அண்ணாச்சி.”

“பெயிண்ட் இல்ல சார். நகம் மாட்டுது, பாருங்க.”

“வெல்டு போயிருக்குன்னு எழுதினா சேஸிஸ் வாரண்டி கிளெய்ம். சேஸிஸ் மாத்தினா ஆர்.டி.ஓ. ஆபீஸ் வரைக்கும் போகணும். கம்பெனில நூறு கேள்வி கேப்பான். போல்ட்டை டைட் வச்சு கிரீஸ் போட்டு விடுங்க. ஜாப் கார்டுல ‘கஸ்டமருக்கு அறிவுறுத்தப்பட்டது’ன்னு எழுதுங்க.”

எழுதினேன். என் கையெழுத்தைப் போட்டேன்.

3. தகடு

ஒன்றரை மாதத்தில் திரும்பி வந்தார். இந்தத் தடவை சத்தம் போட்டார். வண்டி இன்னும் சாய்ந்துவிட்டது, ஒரு கேன் பால் தரையில் போய்விட்டது, சரிபண்ணித் தராமல் போக மாட்டேன் என்று கவுண்டர் முன்னால் நின்றுவிட்டார். வண்டி எடுக்க வந்த நாலைந்து பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

மேனேஜர் என்னைத் தனியாக அழைத்தார். “ஸ்டாண்டுக்கு அடியில ஒரு தகடு வச்சு வெல்டு அடிச்சிருங்க. ஸ்டாண்டு நீளமாயிட்டா வண்டி நிமிந்துரும். கார்டு போட வேண்டாம், சும்மா பண்ணிக் குடுத்ததா இருக்கட்டும்.”

“விரிசல் அப்படியே இருக்குமே சார்.”

“வண்டி நேரா நிக்குதா இல்லையா, அதான் அவங்களுக்கு வேணும்.”

பின்பக்க ஷெட்டில் பழைய வெல்டிங் செட் ஒன்று இருந்தது. கனமான தகட்டில் ஒரு துண்டு வெட்டி அடியில் வைத்து அடித்தேன். சண்முகத்தாய் கூடவே வந்து நின்றார். கண் கூசும், தள்ளி நில்லுங்கள் என்று நான்தான் சொன்னேன்.

வண்டியை இறக்கி ஸ்டாண்டு போட்டதும் நிமிர்ந்து நின்றது. அவர் முகத்தில் அப்படி ஒரு தெளிச்சி.

“இதைத்தான அண்ணாச்சி அன்னைக்கே கேட்டேன். நல்லாருப்பீங்க.”

என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. “லோடோட நிறுத்தும்போது சென்டர் ஸ்டாண்டு போட்டுக்கோங்க தாயி” என்றேன்.

“ரெண்டு கேனோட என்னால அதைத் தூக்கிப் போட ஏலாதே. அதான் இப்ப நேரா நிக்குதுல்லா?”

வாயைத் திறந்து சொல்லியிருக்கலாம். மேலே வெல்டு விட்டிருக்கிறது, இதில் பாரம் ஏற்றாதீர்கள் என்று. அதற்கு அரை நிமிஷம் போதும். மேனேஜர் ஆபீஸ் கண்ணாடிக்குப் பின்னால் இருந்து பார்த்துக்கொண்டிருந்தார். நான் தலையை ஆட்டிவிட்டு அடுத்த வண்டிக்குப் போய்விட்டேன்.

அன்று செய்தது என்ன என்று பிறகு எத்தனையோ நாள் யோசித்திருக்கிறேன். வண்டி கூடுதலாகச் சாய்ந்தவரைக்கும் அந்தப் பெண் பயந்து, பார்த்துப் பார்த்து நிறுத்தினார். நான் அதை நிமிர்த்திக் கொடுத்த பிறகு பயம் விட்டுப்போயிற்று. விரிசல் மட்டும் உள்ளே வளர்ந்துகொண்டே இருந்தது.

4. விசாரணை

தகடு அடித்து ஆறு மாதத்தில் வண்டி விழுந்தது, அவர் இடது கணுக்காலில். எலும்பு மூன்று துண்டு. அவர் மைத்துனர் கம்பெனிக்கு நேரடியாகப் புகார் அனுப்பியதால், ஒரு வாரத்தில் ஓர் இன்ஜினியர் வந்தார். சாந்தமான மனிதர்தான். ஸ்டாண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். முறிந்த இடத்தைவிட, அடியில் இருந்த தகட்டைத்தான் அதிக நேரம் பார்த்தார்.

“இது கம்பெனி வேலை இல்லையே. யார் அடிச்சது?”

“வெளில எங்கயோ அடிச்சிருக்காங்க சார். நம்ம கார்டுல ஒண்ணும் இல்ல” என்றார் மேனேஜர்.

இன்ஜினியர் என் பக்கம் திரும்பினார். “அந்தம்மாகிட்ட போன்ல பேசினேன். உங்க ஷோரூம் மெக்கானிக்தான் அடிச்சாருன்னு சொல்றாங்க. நீங்களா?”

எனக்கு அப்போது ஐம்பத்திரண்டு வயது. மூத்த பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தோம். அந்த வருஷம்தான் எங்களில் வயதான இரண்டு பேரை ஆள் குறைப்பு என்று சொல்லி வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். இதையெல்லாம் காரணமாகச் சொல்லவில்லை. அந்த நேரத்தில் இதெல்லாம் மனதில் ஓடியது, அவ்வளவுதான்.

“இல்ல சார்” என்றேன்.

அவர் எழுதிக்கொண்டார். அங்கீகாரம் இல்லாத மாற்றம், வாரண்டி செல்லாது.

மேனேஜர் அன்று எனக்கு டீ வாங்கிக் கொடுத்தார். நான் குடித்தேன். அடுத்த வருஷம் அவருக்குத் திருநெல்வேலி கிளைக்குப் பதவி உயர்வு கிடைத்தது.

5. ஒரு மத்தியான வேலை

நாலு மாதம் பொறுத்து ஒரு ஞாயிற்றுக்கிழமை சண்முகத்தாய் வீட்டுக்குப் போனேன். ஷோரூம் திருப்பி அனுப்பிய வண்டி, பிய்ந்த ஸ்டாண்டோடு வேப்பமரத்தடியில் சுவரில் சாத்திக் கிடந்தது. அவர் கம்பு ஊன்றி வெளியே வந்தார்.

“வண்டியைச் சரிபண்ணித் தாரேன் தாயி. கொண்டுபோகட்டா?”

“கொண்டு போங்க” என்றார்.

கயத்தாறில் தெரிந்த லேத் பட்டறை. பேட்டரியைக் கழற்றினேன், டேங்கை இறக்கினேன். பிய்ந்த இடத்தை வெள்ளை இரும்பு தெரியும்வரை கிரைண்டிங் பண்ணி, கனத்த தகட்டில் புது பிராக்கெட் வெட்டி, பின்னால் முக்கோணமாக ஒரு முட்டுத் துண்டும் வைத்தேன். பழைய தகட்டை அறுத்து எறிந்துவிட்டு, முதலில் பொட்டு வெல்டு வைத்து, ஸ்டாண்டை மாட்டிச் சாய்வு பார்த்து, பிறகுதான் முழு வெல்டு. இரண்டு கேனில் தண்ணீர் நிறைத்துக் கட்டி, வலது கேனை இறக்கிப் பார்த்தேன், இடது கேனை இறக்கிப் பார்த்தேன். வண்டி அசையவில்லை. மத்தியானம் ஆரம்பித்த வேலை வெயில் தாழும்முன் முடிந்துவிட்டது. ஒரு வருஷமாக முடியாது என்று நாங்கள் சொல்லிக்கொண்டிருந்த வேலை.

திரும்ப ஓட்டிக்கொண்டுபோய் அவர் வீட்டு முன்னால் நிறுத்தினேன். நடந்ததைச் சொன்னேன். முதலிலேயே விரிசலைப் பார்த்தது, தகடு, இன்ஜினியரிடம் சொன்ன பொய், எல்லாம்.

அவர் வாசல்படியில் உட்கார்ந்து கேட்டார். பிறகு சொன்னார்:

“அந்தக் கம்பெனி ஆபீசர் மறுபடி போன் போட்டாரு அண்ணாச்சி. ‘மெக்கானிக் இல்லேங்கிறாரும்மா, நீங்க மறந்திருப்பீங்க’ன்னாரு. நானும், வேற எங்கயும் அடிச்சமோ, நாமதான் மறந்துட்டமோன்னு நினைச்சேன். வலில கிடந்தேன்லா. மைத்துனர்கிட்டயும் அப்படித்தான் சொன்னேன். என் ஞாபகம் சரியில்லன்னு.”

வண்டிச் சாவியை எடுத்து அவர் பக்கத்தில் படியில் வைத்தேன்.

“மைத்துனர் கேஸு போடணும்னு நின்னாவ. நான்தான் வேண்டாம்னேன், பொய்ப் புகாராயிருமேன்னு.”

“வண்டி இனி விழாது தாயி” என்றேன்.

“சரி. ஆனா எனக்குக் கணுக்கால் மடங்க மாட்டேங்குது. இடது காலாலதான கியர் போடணும்? மாட்டை எல்லாம் வெலைக்குக் குடுத்தாச்சு. தீப்பெட்டி ஆபீசுக்குக் குச்சி அடுக்கப் போறேன், வேன் வருது. வண்டியைக் கேட்டு ஒருத்தர் வந்தாரு, ஸ்டாண்டு இல்லன்னு போயிட்டாரு. இனிமே வாங்குவாவ.”

கம்பை ஊன்றி எழுந்து உள்ளே போனார். காபி கொண்டுவருவாரோ என்று கொஞ்ச நேரம் நின்றேன். கதவு அப்படியே இருந்தது. பஸ் பிடித்து ஊர் வந்து சேர்ந்தேன்.

அதற்குப் பிறகும் ஆறு வருஷம் அதே ஷோரூமில் வேலை பார்த்தேன். கடைசி நாளில் சால்வை போட்டார்கள், நேர்மையான உழைப்பாளி என்று மைக்கில் சொன்னார்கள். சால்வையை எடுங்கள் என்று சொல்லத் தைரியம் இல்லாமல் போர்த்திக்கொண்டு நின்றேன்.

இப்போது இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்ல வேண்டியது இதுதான். வண்டி சாய்கிறது என்று யாராவது வந்தால், நிமிர்த்துவதற்கு முன்னால் ஏன் சாய்கிறது என்று பாருங்கள். பார்த்ததை அப்போதே ஜாப் கார்டில் உங்கள் கையால் எழுதுங்கள், போனில் ஒரு போட்டோ எடுத்து வண்டிக்காரருக்கு அனுப்பிவிடுங்கள். முதலாளி வேண்டாம் என்றாலும் அனுப்புங்கள். பின்னால் ஒருநாள் நாலு பேர் முன்னால் உண்மை சொல்ல உங்களுக்குத் தைரியம் வரும் என்று நம்பி இருக்காதீர்கள். எனக்கு வரவில்லை.