கொட்டாவி என்று எழுதியது நான்

அன்று அறந்தாங்கி கல்யாண மண்டபத்தில் சனம் சிரிக்கக் கூடாத இடத்தில் சிரித்தது. இருபத்திரண்டு வருஷமாக மேடை ஓரத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து வசனம் எடுத்துக் கொடுக்கிறேன். எந்தச் சிரிப்பு நாடகத்தைக் கெடுக்கும் என்று காது சொல்லிவிடும்.

சமூக நாடகம். அண்ணன் அடுத்தவர் நிலத்தை வளைத்துப் போட்டிருக்கிறான். தப்பென்று தம்பிக்குத் தெரியும். "கெளம்பிருவோம், இந்தப் பாவம் நமக்கு வேணாம்" என்று மனைவி அழுகிறாள். தம்பி சொல்கிறான்: "நான் கும்பகர்ணன், புள்ள. சோறு போட்டவன விட்டுட்டுப் போகத் தெரியாது." கடைசியில் அண்ணனுக்கு விழவேண்டிய வெட்டை வாங்கிச் சாகிறான். அவன் யார் என்பது மொத்தமும் அந்த ஒரு வரியில் இருக்கிறது.

ஒத்திகையில் எங்கள் குழுத்தலைவர், வாத்தியார் என்போம், "கும்பகர்ணன்னா தூக்கம்யா. அங்கிட்டு ஒரு கொட்டாவி விடு, சனம் சிரிக்கும்" என்றார்.

தம்பியாக நடித்த மாரிமுத்து தயங்கினான். "அவன் சோம்பேறின்னு ஆயிரும்ல, வாத்தியாரே?"

"சொன்னதச் செய்யி" என்றவர் என் பக்கம் திரும்பினார். "நீங்க எழுதுங்கய்யா."

ஸ்கிரிப்ட் ஓரத்தில் சிவப்பு மையில் 'கொட்டாவி' என்று எழுதினேன். எனக்கும் தெரியும் தப்பென்று. என்னத்தைச் சொல்லி என்னத்தைக் காண என்ற அலுப்பு.

அறந்தாங்கியில் கொட்டாவிக்கு மண்டபமே சிரித்தது. அதற்கப்புறம் தம்பியை யாரும் மனுஷனாக மதிக்கவில்லை. வெட்டுப்பட்டு விழுந்தபோது, "தூங்கிட்டான்டோய்!" என்று ஒருத்தர் கத்தினார். நாடகம் படுத்துவிட்டது.

திரை விழுந்ததும் வாத்தியார் பாய்ந்தார். "ஒன்ன யார்ரா கொட்டாவி விடச் சொன்னா? இனிமே இந்தப் பக்கம் வராத!"

மாரிமுத்துவுக்கு அது முதல் பெரிய வேஷம். அவன் என்னைப் பார்த்தான். ஸ்கிரிப்ட் என் மடியில் திறந்தே கிடந்தது. எனக்கு முதன்முதலில் மேடை கொடுத்தவர் வாத்தியார். நான் ஸ்கிரிப்டை மூடினேன்.

மேக்கப்பைத் துடைத்துவிட்டு வந்து, "வாரேண்ணே" என்றான்.

"மனசுல வச்சுக்காத தம்பி. நானும் கும்பகர்ணன்தான். அவர விட்டுக்கொடுக்க முடியல."

"கும்பகர்ணன் 'நீ செஞ்சது தப்பு'ன்னு அண்ணன் மூஞ்சிக்கு நேரா சொன்னான்ணே. சொல்லிட்டுத்தான் சண்டைக்குப் போனான்."

சே, என்ன பிழைப்பு!

நாடகத்துக்குப் புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்வேன்: வசனத்தில் புராணப் பேர் வந்தால், ஊருக்குத் தெரிந்த பாதிக் கதையோடு நிறுத்தாதீர்கள். மீதிப் பாதியில்தான் அந்த ஆள் இருப்பான்.

இப்போது கொட்டாவி இல்லை. தம்பியாக வேறு ஒருவன் நடிக்கிறான், சனம் அழுகிறது. அந்த வரியை எடுத்துக் கொடுக்கும்போது என் நாக்குத்தான் புரள மாட்டேன் என்கிறது.