மாநிறம் என்று எழுதிய கவிதை

நான் ஐந்தாவது வரை படித்தவள். தமிழைக் கூட்டிப் படித்துவிடுவேன். ஸ்ரீரங்கத்திலிருந்து பஸ் ஏறி மன்னார்புரம் போய், ஒரு காலேஜ் டீச்சர் வீட்டில் ஒன்பது வருஷமாகச் சமைக்கிறேன். அந்த வீட்டில் யாரும் என்னைக் கடிந்து ஒரு வார்த்தை சொன்னதில்லை. அதுவே எனக்கு உறுத்தும்.

போன வருஷம் டீச்சர், அமெரிக்காவில் கருப்பினப் பெண்கள் எழுதிய கவிதைகளைத் தமிழில் எழுத ஆரம்பித்தார். நான் வெங்காயம் உரிக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து வாசித்துக் காட்டுவார். புரிகிறதா என்பார். புரிகிறது என்பேன். ஏன் என்னிடம் வாசிக்கிறீர்கள் என்று கேட்டதில்லை. என் கையின் நிறத்தைப் பார்த்தாலே காரணம் தெரியாதா?

ஒரு கவிதையில், விருந்தாளிகள் போகிறவரை அடுக்களையிலேயே இரு என்று ஒருத்தியிடம் சொல்கிறார்கள். அவள் அங்கிருந்தே உரக்கப் பாடுகிறாள். கேட்டதும் எனக்குத் திக்கென்றது. வையம்பட்டியில் என் தங்கையைப் பெண் பார்க்க வந்த அன்று, குடும்பத்துக்கே இந்த நிறமோ என்று நினைத்துவிடுவார்கள் என, கல்யாணமாகியிருந்த என்னை அடுப்படியை விட்டு வரவேண்டாம் என்றார்கள். நான் பாடவில்லை. கேசரி கிளறினேன். இதை டீச்சரிடம் ஒருமுறை சொல்லியிருக்கிறேன். என் கதையை எழுதி, வெளிநாட்டுக்காரி பேரில் போடுகிறாரா?

மகளிர் தினத்துக்கு அதே கவிதையை நான்தான் காலேஜில் படிக்க வேண்டும் என்று தாளைக் கையில் கொடுத்தபோது சந்தேகம் இறுகிவிட்டது. அத்தனை பிள்ளைகள் முன்னால் நிறுத்தி, இவங்கதான் அந்தப் பொம்பளை என்று காட்டப்போகிறார்.

கேட்க வாய் வரவில்லை. சனிக்கிழமை, டீச்சர் பார்த்து எழுதும் இங்கிலீஷ் புத்தகத்தை, அந்தக் கவிதையில் அடையாளச் சீட்டு ஒட்டியிருந்தபடியே டிபன் பாக்ஸுக்கு அடியில் வைத்து எடுத்துவந்துவிட்டேன். சமையல்காரி சொல்லாமல் ஒரு பொருளை எடுத்தால் அதற்கு என்ன பேர் என்று தெரிந்துதான் எடுத்தேன்.

என் மருமகள் டிகிரி படித்தவள். புத்தகத்தையும் டீச்சர் கொடுத்த தாளையும் ஒப்பிட்டுப் பார்த்தாள்.

“நிஜமாவே இருக்கு அத்தை. அடுக்களை, விருந்தாளி, பாட்டு, எல்லாம்.”

எனக்கு வெட்கமாகிவிட்டது. அவள் மறுபடியும் விரலை வைத்துப் பார்த்தாள்.

“ஆனா இதுல கருப்புன்னுல்ல இருக்கு, மூணு இடத்துல. உங்க டீச்சர் மாநிறம்னு எழுதியிருக்காங்க, கல்யாணத் தரகர் மாதிரி.”

என்னைக் கட்டிக்கொடுக்கும்போதும் மாநிறம் என்றுதான் சொன்னார்கள்.

திங்கட்கிழமை நான் போனபோது டீச்சர் அலமாரியைத் துழாவிக்கொண்டிருந்தார். புத்தகத்தை மேஜையில் வைத்தேன். என் கதையோ என்று பார்க்க எடுத்துப்போனதாகச் சொன்னேன். மாநிறத்தையும் சொன்னேன். அவர் முகம் சுருங்கிவிட்டது.

“உங்க முன்னாடி அந்த வார்த்தையை வாசிக்க எனக்குக் கூச்சமா இருந்துச்சும்மா.”

“எழுதினவங்களுக்கு இல்லியேங்க. மாத்திக் குடுங்க, படிக்கிறேன்.”

மூன்று இடத்திலும் அடித்து எழுதினார். எட்டி நின்று பார்த்துக்கொண்டேன்.

காலேஜில் என் பேர் கூப்பிடும்வரை டீச்சர் வாயையே கவனித்தேன். அடுப்படிக் கதையை அவர் சொல்லவில்லை. மைக் முன்னால் நின்று படித்தேன். முதல் ‘கருப்பு’ வந்ததும் ஒரு பெண் சிரித்தாள். வார்த்தைக்கா, எனக்கா, தெரியவில்லை. நிறுத்தி, அவளைப் பார்த்து, அந்த வரியை இன்னொரு தடவை படித்தேன்.