எட்டுக்கு ஐந்தில் அக்கா கட்டிய குளம்

அன்று காலை ஐந்து ஐம்பதுக்கு நான் தவறான குழாயைத் திறந்துவிட்டேன்.

காரைக்கால்காரர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. வெளியூரிலிருந்து திருப்பலிக்கு வந்து இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருப்பவர்களுக்காகச் சொல்கிறேன். எங்கள் தெருவில் வீட்டுக்கு இரண்டு குழாய்கள். ஒன்றில் நல்ல தண்ணீர். காலையில் ஒன்றரை மணி நேரம் மட்டும் வரும். மற்றொன்று போர் தண்ணீர். கடல் பக்கத்தில் இருப்பதால் உப்புக் கரிக்கும். வாசல் கழுவத்தான் ஆகும். அக்கா அன்று டயாலிசிஸுக்குப் போக ஆட்டோவில் ஏறும்போது, "குளத்துல ரெண்டு விரக்கடை குறைஞ்சிருக்கு, நல்ல தண்ணிய விட்டு வைடி" என்றார். என் மகள் ரோஸ்லினைப் பள்ளிக்குக் கிளப்பும் அவசரத்தில் பின்கட்டிலிருந்த இரண்டு வால்வுகளில் ஒன்றைத் திருப்பினேன். ஹோஸைக் குளத்துக்குள் போட்டேன். மறந்தும் போனேன். ஏழேகாலுக்கு வாசலில் தண்ணீர் ஓடியபோதுதான் நினைவு வந்தது. அப்போதும் நான் திறந்தது உப்புத் தண்ணீர் என்று தெரியவில்லை.

நண்பகலில் திரும்பிய அக்கா, களைப்போடு குளத்தருகே குனிந்து விரலை நனைத்து நாக்கில் வைத்துப் பார்த்தார்.

"ஏண்டி, கடல வீட்டுக்கே கொண்டாந்துட்டியா?"

அந்தக் குளம் அக்காவுக்கு எவ்வளவு முக்கியம் என்று தெரிந்தால்தான் நான் ஏன் இன்றும் வால்வைத் தொடும்போது இரண்டு முறை பார்க்கிறேன் என்பது புரியும். முதலில் அக்காவைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன்.

அக்கா கோட்டுச்சேரியில் பிறந்தார். எங்கள் அம்மா இறந்தபோது அக்காவுக்குப் பதினெட்டு வயது, எனக்கு நான்கு. அதற்குப் பிறகு எனக்குத் தலை வாரியது, காய்ச்சலுக்குக் கஞ்சி காய்ச்சியது, திருமணம் செய்து வைத்தது எல்லாம் அவர்தான். அஞ்சல் வழியில் பட்டம் முடித்து, கொம்யூன் பஞ்சாயத்தில் எழுத்தராகச் சேர்ந்து, அங்கேயே ஓய்வு பெற்றார். மனுவோடு வருபவரை நிற்க வைத்துப் பேசமாட்டார். முதலில் நாற்காலி, பிறகுதான் மனு. அத்தான் விபத்தில் போனபோது மகள் மெர்சி ஒன்றாம் வகுப்பு. அக்கா யாரிடமும் போய் நிற்கவில்லை. மெர்சி நர்சிங் முடித்துக் குவைத்தில் வேலைக்குச் சேர்ந்த அன்று தெருவுக்கே கேசரி கொடுத்தார். மாடியில் நானும் என் குடும்பமும், கீழே அக்கா என்று வாழ்ந்துகொண்டிருந்தபோதுதான் அவருடைய சிறுநீரகங்கள் இரண்டும் செயலிழந்தன.

திங்கள், புதன், வெள்ளி டயாலிசிஸ். சாப்பாட்டில் உப்பு கூடாது. ஒரு நாளைக்குக் குடிக்க ஒரு லிட்டர்தான், காபி, ரசம் எல்லாம் சேர்த்து. செய்தி கேட்டதும் மெர்சி, "வேலைய விட்டுட்டு வர்றேம்மா" என்று அழுதாள். அக்கா சம்மதிக்கவில்லை. "எனக்காக நீ வந்து உக்காந்தா நான் நோயாளின்னு நானே ஒத்துக்கிட்ட மாதிரி. நான் நல்லாத்தான் இருக்கேன்." அதை மெர்சி நம்ப வேண்டும். வெள்ளிக்கிழமை தோறும் வீடியோவில் பேசும் மகளுக்குத் தன் முகத்தைத் தவிர வேறு எதையாவது காட்ட வேண்டும். அப்படித்தான் குளம் வந்தது.

எவ்வளவு உற்சாகமான மாதங்கள் அவை! டயாலிசிஸ் நாற்காலியில் நான்கு மணி நேரம் உட்கார்ந்து, இடக்கையில் ஊசியோடு வலக்கையால் நோட்டில் படம் போடுவார். எட்டடி நீளம், ஐந்தடி அகலம், இரண்டடி ஆழம். "ரெண்டாயிரத்து இருநூறு லிட்டர்டி. என் கணக்குக்கு ஆறு வருஷம் குடிக்கலாம்" என்று சொல்லிச் சிரித்தபோது பக்கத்து நாற்காலிக்காரரும் சிரித்துவிட்டார்.

இடம் தேடுவதற்கே பத்து நாள் ஆயிற்று. வேப்பமரத்தடி வேண்டாம், சருகு விழுந்து அழுகும். காலையிலிருந்து மதியம் தாண்டியும் வெயில் படும் இடம் வேண்டும், இல்லையென்றால் பூக்காது. ஒரு ஞாயிறு முழுவதும் மணிக்கு ஒரு முறை வந்து நிழல் எங்கே விழுகிறது என்று சாக்பீஸால் கோடு போட்டார். பழைய தகரக் கொட்டகை இருந்த மூலைதான் தேறியது.

செடிக்கு நடந்த சண்டையை உறவினர்கள் பலர் அறிவார்கள். நான் தாமரை என்றேன். தாமரை கிழங்கு விட்டு ஓடும், இந்தத் தொட்டி அதற்குப் பத்தாது என்று அக்கா செவ்வல்லியைத் தேர்ந்தெடுத்தார். "ஒண்ணே ஒண்ணு போதும். பாதித் தண்ணிய இலை மூடட்டும், மீதியில வானம் தெரியணும்." கரையோரத்துக்கு வசம்பு, ஒரு குடைக்கோரை, ஈரத்தில் படர வல்லாரை. அரசலாற்றில் சும்மா மிதக்கும் ஆகாயத்தாமரையை என் கணவர் ஒரு பிடி அள்ளிக்கொண்டு வந்தார். "மாப்ள, இத விட்டா அடுத்த மாசம் நம்ம கட்டிலுக்கு அடியில இருக்கும்" என்று அக்கா வாசலோடு திருப்பி அனுப்பிவிட்டார். சிமெண்ட் கொக்கு வைக்கலாம் என்றவர்களுக்கு, "நிஜக் கொக்கு கோவிச்சுக்கும்" என்றார். மாதாவுக்குக் குகை மாதிரி கெபி கட்டச் சொன்னவர்களிடம், "மாதா வீட்டுக்குள்ள சௌகரியமா இருக்காங்க, இங்க தவளை இருக்கட்டும்" என்றார். நீரூற்றும் வேண்டாம் என்றுவிட்டார். அல்லி இலைமேல் தண்ணீர் கொட்டிக்கொண்டே இருந்தால் அதற்குப் பிடிக்காதாம். ஒரு மூலையில் கருங்கல் பலகை, அதன் விளிம்பிலிருந்து நூல் மாதிரி வடியும் நீர். அவ்வளவுதான்.

ஒரு விஷயத்தில் மட்டும் நான் பிடிவாதம் பிடித்தேன். ரோஸ்லினுக்கு அப்போது ஐந்து வயது. அவள் குளத்தில் கவிழ்ந்து கிடப்பது போலக் கனவு கண்டு எத்தனையோ நாள் எழுந்திருக்கிறேன். அக்கா வாதாடவில்லை. தண்ணீருக்கு நான்கு விரல் கீழே இரும்பு வலை போடச் சொல்லி, அதன்மேல் தன் காலை வைத்து அழுத்திக் காட்டினார். "இப்ப தூங்குவியா?"

புதுச் சிமெண்டின் காரம் போக வாழைத்தண்டைத் துண்டு போட்டு ஊறவைத்து மூன்று முறை தண்ணீர் மாற்றினோம். களிமண் தொட்டியில் அல்லியை நட்டு, முதலில் செங்கல்மேல் உயர்த்தி வைத்து, இலை வளர வளர ஒவ்வொரு கல்லாக எடுத்துக் கீழே இறக்கினோம். கொசுவுக்குப் பத்து கப்பி மீன்கள் விட்டோம். முதல் மொட்டு தண்ணீருக்குள் தலைகாட்டிய வாரத்தில்தான் நான் உப்பைத் திறந்துவிட்டேன்.

இரண்டே நாளில் இலைகளின் ஓரம் கருகியது. மொட்டு அழுகியது. மீன்கள் மட்டும் குதியாட்டம் போட்டன. "காரைக்கால் மீனுல்ல" என்றார் அக்கா. நான் அழுதேன். எனக்காக அவர் சிரித்தார் என்று அப்போதே தெரியும்.

அந்த வெள்ளிக்கிழமை கேமராவை வசம்புப் பக்கமே திருப்பி வைத்துப் பேசினோம். ரோஸ்லின் குறுக்கே வந்து, "மெர்சிக்கா, எங்கம்மா குளத்த கெடுத்துட்டாங்க!" என்று போனைப் பிடுங்கி அல்லியைக் காட்டிவிட்டாள். மெர்சி அந்தக் கருகிய இலைகளைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு கேட்டாள்: "அம்மா, உண்மைய சொல்லு. நீ நல்லா இருக்கியா?"

போனை வைத்ததும் அக்கா எழுந்துவிட்டார். "அவ ராஜினாமா எழுதறதுக்குள்ள இது பூத்தாகணும். எனக்கும் உப்பு ஆகல, இதுக்கும் ஆகல. இதுக்கும் டயாலிசிஸ் பண்ணிடுவோம். எனக்கு என்னைக்கோ அதுக்கும் அன்னைக்கே."

பண்ணினோம்! திங்கள், புதன், வெள்ளி. ஒரே நாளில் தொட்டியை நிரப்ப நல்ல தண்ணீர் போதாது. ஆகவே ஒவ்வொரு தடவையும் பாதியை இறைத்துவிட்டு, புதிதாக நிரப்பினோம். அக்கா ஆஸ்பத்திரியிலிருந்து போன் போட்டு, "நோயாளி எப்படி இருக்கு?" என்பார். எதிர்வீட்டு பாத்திமா அக்கா தன் வீட்டு நல்ல தண்ணீரிலிருந்தும் ஹோஸ் இழுத்துக் கொடுத்தார். அல்லிக் கிழங்கைப் பிடுங்கி, அலசி, புது மண்ணில் வைத்தோம். இரண்டாவது வாரம் செம்பு நிறத்தில் ஓர் இலை சுருளாக மேலே வந்தது. தெருவே வந்து பார்த்தது. நான்காவது வாரத்தில் ஒரு நாள் காலை, முழுதாக விரிந்த ஒரு செவ்வல்லி! அக்கா நைட்டியோடு தரையில் உட்கார்ந்து குவைத்துக்கு வீடியோ போட்டார். "பாத்தியாடி? இப்ப போய் வேலையப் பாரு." மெர்சி சிரித்தாள். அக்கா ஜெயித்துவிட்டார்.

அடுத்த மூன்று மாதமும் பூ ஓயவில்லை. அதன்பின் ஒரு நாள் அக்காவின் நெஞ்சில் நீர் கோத்துக்கொண்டது. ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது, மூச்சுக்கு நடுவில், "மெர்சிகிட்ட சொல்லாத" என்றார். அவர் சொல்லை நான் மீறியது என் வாழ்நாளில் அந்த ஒரு தடவைதான். வெளியே வந்து போன் செய்தேன்.

அக்கா அதற்குப் பிறகு பதினோரு நாள் இருந்தார். அந்த நாட்களில் எங்களைத் தாங்கிய டயாலிசிஸ் பிரிவுச் சகோதரிகளுக்கும், கூப்பிட்ட நேரத்துக்கெல்லாம் வண்டி எடுத்த ஆட்டோக்காரத் தம்பிக்கும், பாத்திமா அக்கா வீட்டாருக்கும், கொம்யூன் அலுவலகத் தோழர்களுக்கும், பங்குத்தந்தைக்கும், இன்று அக்காவுக்காகச் செபிக்க வந்திருக்கும் உங்கள் ஒவ்வொருவருக்கும் எங்கள் குடும்பம் என்றும் கடமைப்பட்டிருக்கிறது. அந்த நாட்களில் முதல் நாளை மட்டும் எழுதி முடித்துக்கொள்கிறேன்.

நான் போன் செய்த மறுநாள் மதியம் வார்டு கதவைத் திறந்துகொண்டு மெர்சி வந்தாள். கையில் பெட்டி, கழுத்தில் இன்னும் கழற்றாத குவைத் ஆஸ்பத்திரி அடையாள அட்டை. அக்கா கண்ணைத் திறந்து அவளைப் பார்த்தார். என்னையும் ஒரு முறை முறைத்தார். மெர்சி பெட்டியைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டு, அம்மாவின் ஊசி போட்ட கையைத் தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள்.

"வேலைய விட்டுட்டு வந்துட்டேம்மா. திட்டணும்னா எந்திரிச்சு உக்காந்து திட்டு."