ஒரு சொட்டு மிச்சமில்லாமல்

ஹால்வாரைப் பற்றி எங்கள் ஊரில் யாரைக் கேட்டாலும் ஒரே பதில்தான் வரும்: "அண்ணன் சாகறப்ப பசை தொடச்சுக்கிட்டு இருந்தவன்." அந்த அண்ணனின் மனைவி நான்தான். பெயர் போர்கில். ஊர் சொல்வதில் பாதிதான் உண்மை. மீதிப் பாதி ஐந்து வருடமாக என்னிடம் இருக்கிறது.

போன ஏப்ரலில் ஹால்வார் இறந்துபோனான். குளிர்காலத்தில் சாலையில் பனி தள்ளும் வண்டி ஓட்டுவான். கோடையில் வீட்டு நிலவறையில் ஊர்க்காரர்களின் வேட்டைத் துப்பாக்கிகளைச் சரிபார்ப்பான். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. பேசினால் காசு கேட்பார்களோ என்று பயந்தவன் மாதிரி இருப்பான்.

அவன் செய்த வேலை இதுதான். துப்பாக்கியின் மரக்கட்டை மழையில் ஊறும், குளிரில் சுருங்கும். அதில் உட்கார்ந்திருக்கும் இரும்பு, அதாவது குழலும் விசைப்பகுதியும், லேசாக ஆடும். குண்டு ஒரு சாண் தள்ளிப் போகும். அதனால் கட்டையைக் கொஞ்சம் குடைந்து, எபாக்சி பசையை நிரப்பி, இரும்பை அதற்குள் அழுத்தி வைப்பார்கள். பசை கல்லாக இறுகிவிட்டால் இரும்பு தன் அச்சிலேயே அசையாமல் உட்காரும்.

அழுத்தும்போது மிச்சப் பசை நாலு ஓரத்திலும் பிதுங்கும். மற்றவர்கள் ஒருதரம் துடைத்துவிட்டுக் காபி குடிக்கப் போய்விடுவார்கள். அது திரும்பவும் கசியும், சந்துகளில் இறங்கும், இறுகினால் உளிதான். ஹால்வார் நகரமாட்டான். காது குடையும் பஞ்சுக்குச்சியை வினிகரில் நனைத்து நனைத்து, கசியக் கசியத் துடைப்பான். பசை ரப்பர் பதத்துக்கு வந்ததும் பிளாஸ்டிக் துண்டால் ஓரத்தைச் சீவுவான். "அவன் தொடச்ச கட்டையில உருளைக்கிழங்கு வச்சுத் தின்னலாம்" என்பார்கள் வேட்டைக் குழுவில். ஒருமுறை ஷெட்டில் என்பவன் தானே செய்து பார்க்கிறேன் என்று கிளம்பி, இரும்பில் மெழுகு பூச மறந்து, எல்லாம் ஒரே கட்டியாக ஒட்டிப்போய்த் தூக்கிக்கொண்டு வந்தான். ஹால்வார் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "நல்லா ஒட்டியிருக்க. ஒரு குறையும் சொல்ல முடியாது" என்றானாம். அந்த வருடம் முழுக்க அவன் பேசிய நீளமான பேச்சு அதுதான்.

என் கணவன் ஓஸ்முனோடு அவன் பதினோரு வருடம் பேசவில்லை. ஒரு மழைக்கால வேட்டையில் ஓஸ்முன் சுட்ட மூஸ் மான் சாகாமல் கால் உடைந்து ஓடிவிட்டது. நாயை விட்டுத் தேடி இரண்டாம் நாள்தான் கண்டுபிடித்தார்கள். எங்களிடையே அதைவிடப் பெரிய கேவலம் கிடையாது. தோல் உரிக்கும் கொட்டகையில், குழு முழுக்க நிற்க, ஓஸ்முன் சொன்னான்: "குண்டு தள்ளிப் போச்சு. துப்பாக்கியில ஏதோ கோளாறு."

"துப்பாக்கி மேல பழி போடாத," என்றான் ஹால்வார். "கை நடுங்குச்சுன்னு சொல்லிட்டுப் போயேன்."

அவ்வளவுதான். அதற்கப்புறமும் இருவரும் ஒரே குழுவில்தான் வேட்டைக்குப் போனார்கள். பக்கத்துப் பக்கத்து இடத்தில் நின்றார்கள். ரேடியோவில் "உன் பக்கம் ரெண்டு வருது" என்பதோடு சரி. கல்லுளிமங்கன்கள், இரண்டு பேரும்.

பிறகு ஓஸ்முனுக்குக் கணையத்தில் புற்றுநோய் வந்தது. ஆகஸ்ட் கடைசியில் படுக்கையில் இருந்தபடியே, அந்த மூஸைச் சுட்ட துப்பாக்கி இருக்கும் அலமாரியைக் காட்டினான்.

"அத எடுத்துட்டுப் போய் ஹால்வார்கிட்ட குடு."

"என்னன்னு சொல்லிக் குடுக்கறது?"

"ஒண்ணும் சொல்லாத. அவனுக்குக் கண்ணு இருக்குல்ல."

கொண்டுபோய்க் கொடுத்தேன். ஹால்வார் வாங்கி மேசையில் கிடத்தினான். திருகைக் கழற்றி இரும்பைத் தூக்கினான். அது உட்கார்ந்திருந்த இடத்தில் மரம் ஒரு பக்கமாகத் தேய்ந்து பளபளவென்று இருந்தது. வருடக்கணக்காக ஆடி ஆடித் தேய்த்திருக்கிறது. அவன் கட்டை விரலால் அந்த இடத்தைத் தடவிக்கொண்டே இருந்தான். முகம் வெளுத்துவிட்டது.

"நான் முடிச்சு எடுத்துட்டு வரேன்," என்றான். "நானே வரேன்னு சொல்லு."

வெறும் கையோடு வந்து 'நீ சொன்னதுதான் சரி' என்று சொல்ல அவனால் முடியாது. எனக்கு அது புரிந்தது. ஓஸ்முனிடம் 'அவனே எடுத்துட்டு வருவான்' என்று மட்டும் சொன்னேன். ஓஸ்முனுக்கு எத்தனை நாள் இருக்கிறது என்பதுதான் யாருக்கும் தெரியவில்லை.

செப்டம்பரில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, வீட்டுக்கு வரும் நர்ஸ் என்னைச் சமையலறைக்குக் கூப்பிட்டு, இன்று தாண்டாது என்றாள். மதியம் இரண்டு மணிக்கு நான் போன் செய்தேன்.

"ஹால்வார், போர்கில் பேசறேன். வேலையா இருக்கியா?"

"இப்பத்தான் இரும்ப அழுத்தி வச்சேன். சுத்தி கசிஞ்சுக்கிட்டு இருக்கு."

"ஓ."

"அவசரமா?"

இந்த இடத்தைத்தான் ஊருக்கு நான் சொன்னதே இல்லை. எங்கள் மனிதர்கள் வீடு பற்றி எரிந்தாலும் பக்கத்து வீட்டுக்காரனிடம் 'உனக்குத் தொந்தரவு இல்லைன்னா ஒரு வாளி தர முடியுமா' என்றுதான் கேட்பார்கள். நானும் அந்த மண்தானே. நர்ஸ் பக்கத்தில் நின்று என்னை முறைத்துப் பார்க்கப் பார்க்க, நான் சொன்னேன்: "அவசரம்னு இல்ல. நேரம் கெடச்சா ஒரு எட்டு வந்துட்டுப் போ."

"ஒரு மணி நேரம். தொடச்சுட்டு வரேன்."

"சரி சரி, முடிச்சுட்டே வா."

நான்தான் சொன்னேன். முடித்துவிட்டே வா என்று.

மூன்றே முக்காலுக்கு வந்தான். கையெல்லாம் வினிகர் வாடை. துப்பாக்கியை வண்டியிலேயே விட்டிருந்தான், பசை இன்னும் முழுசாக இறுகவில்லை. ஓஸ்முன் போய்ப் பத்து நிமிடம் ஆகியிருந்தது.

வாசலிலேயே நின்றான். "என்னைக் கேட்டானா?"

எனக்கு அவன்மேல் அப்படியொரு ஆத்திரம். பதினோரு வருடம் பொறுக்க முடிந்தவனுக்கு ஒரு துப்பாக்கியை அப்படியே போட்டுவிட்டு வர முடியவில்லையே என்று. "இல்ல," என்றேன். "தூக்கத்துலயே போயிட்டான்."

அடக்கம் முடிந்து சர்ச் கூடத்தில் எல்லோரும் காபி குடித்துக்கொண்டிருந்தபோது ஹால்வார் எழுந்தான். கூட்டத்தில் அவன் எழுந்து நாங்கள் பார்த்ததே இல்லை. "அந்த மூஸ் விஷயம்," என்றான். "கட்டைதான் தப்பு. அவன் கை இல்ல. நான்தான் தப்பாச் சொன்னேன்." ஷெட்டில் தட்டைப் பார்த்துக் குனிந்துகொண்டான். அப்போதாவது நான் சொல்லியிருக்கலாம். கேக் தட்டை அடுத்த மேசைக்கு நகர்த்தினேன்.

மறுவாரம் துப்பாக்கியைக் கொண்டுவந்து கொடுத்தான். கண்ணாடி வைத்துத் தேடியும் கட்டையில் ஒரு பிசுக்கு இல்லை. அதற்குப் பிறகு அவன் யாருடைய துப்பாக்கியையும் தொடவில்லை.

அந்தச் செவ்வாய்க்கிழமை மதியம் ஓஸ்முன் தூங்கவில்லை. "வந்துட்டானா?" என்று மூன்று முறை கேட்டான். மூன்றாம் முறை நான், "தொடச்சுக்கிட்டு இருக்கானாம், வந்துடுவான்" என்றேன்.

அவன் உதட்டைக் கடித்துச் சிரித்தான். "அப்ப பிரிச்சுப் பாத்துட்டான்."

"பாத்துட்டான். மொகமே வெளுத்துப்போச்சு."

"அப்ப சரி. அவன் ஒரு சொட்டு விடமாட்டான், லேட்டாத்தான் வருவான். விடு, திட்டாத."

அதுதான் அவன் கடைசியாகப் பேசியது.

கோபம் ஆறட்டும், ஹால்வாரிடம் சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்தேன். கோபம் ஆறியபோது வெட்கம் வந்தது. அதைச் சொன்னால் அன்று போனில் நான் 'அவசரம் இல்லை' என்றது பொய் என்பதையும் ஒப்புக்கொண்டாக வேண்டும். போன வருடம் கடையில் காபி அடுக்குக்கு முன்னால் எதிரெதிரே நின்றோம். "கட்டை எப்படி இருக்கு?" என்றான். "நல்லா இருக்கு" என்றேன். அடுத்த வாரம் அவன் வீட்டுக்குப் போக வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன். ஆற்றுக்கு அந்தப் பக்கம்தான், காரில் கால் மணி நேரம். ஏப்ரலில் அவனுடைய இதயம் நின்றுவிட்டது.

ஹால்வார் ஒரு மணி நேரம் என்று சொல்லி முக்கால் மணி நேரம் தாமதமாக வந்தான். ஊர் இன்னும் அதைப் பேசுகிறது. என்னை யாரும் ஒன்றும் கேட்பதில்லை.