பூஜ்யத்தில் விழுகிற முள்

பாண்டுரங்கன் ஒயரை முதலில் மோந்து பார்ப்பார். டெஸ்ட் பல்பு வைத்துப் பார்ப்பதெல்லாம் அப்புறம்தான். லாரிக்கு அடியில் சாக்கை விரித்துப் படுத்து, கழற்றிய முனையை மூக்கருகே கொண்டுபோய்க் கண்ணை மூடிக்கொள்வார். கருகியது, ஊறியது, எலி கடித்து மூத்திரம் பெய்தது, எல்லாவற்றுக்கும் தனித்தனி வாடை உண்டு என்பது அவர் கட்சி. "கண்ணு ஏமாத்தும். மூக்கு ஏமாத்தாது" என்பார்.

செஞ்சியில் திருவண்ணாமலை ரோட்டில், லாரிகளுக்கு ஒயரிங் பார்க்கிற அவருடைய தகரக் கொட்டகை இருக்கிறது. மதியமானால் மேலே தகரமும் எதிரே கோட்டை மலையும் சேர்ந்து ஆளை வேகவைக்கும். கோட்டைக்கு வழி கேட்டு நிற்கிற கார்க்காரர்களுக்கு அவர் வாயைத் திறப்பதில்லை. ஸ்பேனரை நீட்டித் திசை காட்டிவிட்டுத் திரும்பப் படுத்துக்கொள்வார். பேசினாலும் அதில் சர்க்கரை இருக்காது. "வண்டி தானா கெடல, நீதான் கெடுத்த" என்று மூஞ்சிக்கு நேரே போட்டு உடைப்பார்.

இன்னொரு பழக்கமும் உண்டு. வேலை முடிந்ததும் கெட்டுப்போன சாமானை வண்டிக்காரரின் உள்ளங்கையில் வைத்து அழுத்துவார். "இன்னா போச்சுன்னு பாத்துக்க. நாளைக்குப் பாண்டு ஏமாத்திட்டான்னு சொல்லக் கூடாது." அதை வாங்கிப் பார்க்காமல் எந்த லாரியும் கொட்டகையை விட்டுக் கிளம்ப முடியாது. டீக்கடையில் அவரைக் கண்டால் டிரைவர்கள் கையை நீட்டிக் கேலி செய்வார்கள். அவர் சிரிப்பதில்லை.

இப்படிப்பட்டவரையும் ஒரு லாரி தண்ணி காட்டிக்கொண்டிருந்தது. விநாயகம் சொந்தமாக வைத்து ஓட்டுகிற பழைய லாரி. நெல் விற்பனைக் கமிட்டியிலிருந்து மூட்டை ஏற்றி மில்லுக்குப் போகிற வண்டி. ஓடிக்கொண்டிருக்கும்போதே அதன் ஸ்பீடோமீட்டர் முள் நடுங்கும், பிறகு பூஜ்யத்தில் விழுந்துவிடும்.

இந்த வயசு லாரியில் இப்படி ஆனால், கியர் பாக்ஸில் வேகத்தை எடுத்துச் சொல்கிற சென்சாரைத்தான் எல்லோரும் சந்தேகப்படுவார்கள். பாண்டுரங்கனும் அதைத்தான் மாற்றினார். முள் ஏறியது. மாதம் திரும்பியதும் விழுந்தது. இன்னொரு சென்சார் போட்டார். ஏறியது, விழுந்தது. மீட்டருக்குப் பின்னால் ஒயர்கள் வந்து சேருகிற கப்ளரை மட்டும் யாரும் திறக்கவில்லை. மீட்டர் மூடியின் மேல் மலையனூர் அங்காளம்மன் பித்தளைச் சிலையாக உட்கார்ந்திருந்தாள். அவளைப் பெயர்க்காமல் மூடி வராது. கிரீஸ் கையோடும் கறி தின்ற வாயோடும் அவளைத் தொட பாண்டுரங்கனுக்கு மனசு வரவில்லை. விநாயகமும் விடவில்லை. எதுவானாலும் கீழே இருந்தே பார் என்று சொல்லிவிட்டார்.

போன தை அமாவாசையன்று, அனந்தபுரம் போகிற வழியில், அந்த லாரி ஒரு மொபெட்டில் மோதியது. அதில் மல்லாட்டைக் கடலை மூட்டையோடு வந்த மனிதர் அங்கேயே இறந்துபோனார். மொபெட்தான் குறுக்கே வந்தது என்று பார்த்தவர்கள் சொன்னார்கள். எவ்வளவு வேகத்தில் வந்தாய் என்று போலீஸ் கேட்டபோது விநாயகம் தெரியாது என்றார். அன்றைக்கு முள் பூஜ்யத்தில் கிடந்தது.

அதோடு விநாயகம் பாதி ஆளாகிவிட்டார். கேஸ் ஒரு பக்கம் நடக்கிறது, அவர் அதைப் பற்றிப் பேசுவதே இல்லை. கொட்டகை ஸ்டூலில் வந்து உட்கார்ந்து ஒன்றையே கேட்பார். "முள்ளு ஏன் செத்துச்சுன்னு மட்டும் சொல்லு பாண்டு. வண்டி தப்பா, என் தப்பா? அது தெரியாம சோறு எறங்க மாட்டேங்குது." பாண்டுரங்கன் லாரிக்கு அடியில் நுழைந்துகொள்வார்.

செத்தவன்தான் முள்ளைப் பிடித்துக் கீழே இழுக்கிறான் என்று விநாயகத்தின் மனைவி மீனம்பாள் முடிவு கட்டினாள். அம்மனுக்கு அமாவாசைக்கு அமாவாசை விநாயகம் செய்துவந்த மஞ்சள் தண்ணீர் அபிஷேகத்தை வெள்ளிக்கிழமைதோறும் செய்யச் சொன்னாள். அவரும் செய்தார். மாதம் ஒரு தரம் விழுந்துகொண்டிருந்த முள் வாராவாரம் விழ ஆரம்பித்தது. அப்போதுதான் பாண்டுரங்கனுக்குப் பொறி தட்டியது.

அடுத்த சனிக்கிழமை தலைக்குக் குளித்துவிட்டு வெறும் வயிற்றோடு வந்தார். விநாயகத்தை டீ வாங்க அனுப்பினார். செருப்பைக் கீழே விட்டு லாரியில் ஏறி, அம்மனைக் கும்பிட்டுப் பெயர்த்து, சீட்டில் துண்டை விரித்து உட்காரவைத்தார். மூடியைக் கழற்றி, கப்ளரை உருவி, மூக்கருகே கொண்டுபோனார்.

மஞ்சளும் கற்பூரமும் மணத்தன. கோயிலுக்குள் தலையை நீட்டியது போல இருந்தது. உள்ளே பின்களெல்லாம் பச்சை பூத்திருந்தன, அதன்மேல் மஞ்சள் சேறாகப் படிந்திருந்தது. சிலையின் காலடியில் இருந்த இடுக்கு வழியாகத் தண்ணீர் இறங்கியிருக்கிறது. ஈரத்தில் முள் விழுந்திருக்கிறது, காய்ந்ததும் தானாக ஏறியிருக்கிறது. தான் சென்சார் மாற்றியதால் ஏறியது என்று அவர்தான் நம்பிக்கொண்டிருந்தார்.

தை அமாவாசையன்றும் விநாயகம் அபிஷேகம் செய்துவிட்டுத்தான் வண்டி எடுத்தார். காப்பாற்று தாயே என்று ஊற்றிய தண்ணீர்தான் முள்ளைச் சாய்த்திருக்கிறது. இந்த மூடியைத் தையிலேயே, அதற்கும் முன்னாலேயே திறந்திருக்கலாம். திறக்காதவர் பாண்டுரங்கன்.

வேறு கப்ளர் மாட்டி, டியூப் ரப்பரை இறுக்கிச் சுற்றினார். எடுத்ததைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார். அம்மனைத் திரும்ப ஒட்டினார், மீட்டரின் மேல் அல்ல, இடது ஓரத்தில்.

டீயோடு வந்த விநாயகம் சிலை இடம் மாறியிருப்பதைப் பார்த்துத் திகைத்தார். மீட்டர் பக்கம் இன்ஜின் சூடு, பித்தளை கறுக்கிறது என்றார் பாண்டுரங்கன். இனிமேல் தண்ணீர் ஊற்ற வேண்டாம், பொட்டு வைத்தால் போதும் என்றும் சொன்னார். விநாயகம் தலையாட்டினார். பிறகு அந்தக் கேள்விதான்.

"இன்னாதான் போச்சு பாண்டு?"

"சென்சார்தாண்ணா. கம்பெனியிலயே மட்டமா வருது. வண்டி தப்பு." தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார், "உன் தப்பு இல்ல."

விநாயகம் டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டுக் கையை நீட்டினார். கேலிக்கு அல்ல. எப்போதும் நீட்டுகிற கைதான்.

பாண்டுரங்கன் குனிந்து பழைய இரும்பு டப்பாவைத் துழாவினார். எந்த வண்டியுடையதோ, தேய்ந்துபோன சென்சார் ஒன்று அகப்பட்டது. அதை அந்த உள்ளங்கையில் வைத்தார். அழுத்தவில்லை. விநாயகம் அதை இரண்டு கண்ணிலும் ஒற்றிக்கொண்டார். பாண்டுரங்கன் திரும்பி நின்று, மஞ்சள் ஏறியிருந்த விரல்களைச் சாக்கில் துடைத்தார். பார்த்துவிட்டு, இன்னொரு தரம் துடைத்தார்.